கண்டக்குழிக் கோயிலுக்கு ஒரு சாம்பல் நிறச் சேலை

இந்த வலைப்பூவில் பழைய கட்டடங்களைப் பற்றித்தான் எழுதிவருகிறேன். கோட்டை, குளம், இடிந்த மடம் என்று ஏதாவது. போன ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போனதும் ஒரு பழைய கோயிலுக்குத்தான். ஆனால் கோயிலைப் பார்க்கத்தான் போனேன் என்று சொன்னால் அது பொய். ஒரு சேலையைக் கொடுக்கப் போனேன்.

கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊர் மன்னார். எனக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் அம்மாவுக்குத் தங்கவில்லை. மூன்றாவதாக வந்த நானும் மூன்றாம் மாதத்தில் பால் குடிக்க மறுத்துவிட்டேன். யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு, கற்பிட்டித் தீபகற்பத்தில் கண்டக்குழிக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தக் கடற்கரை மாதா கோயிலுக்கு என்னைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பெற்றவர்கள் பிள்ளையைப் பீடத்துப் படியில் கிடத்திவிட்டு, திரும்பிப் பாராமல் நிலப்பக்க வாசலால் வெளியே போய்விட வேண்டும். பிறகு கடல்பக்க வாசலால் யார் முதலில் உள்ளே வருகிறார்களோ அவர்தான் பிள்ளையைத் தூக்கி வெளியே கொண்டுவந்து கொடுப்பார். அந்த நிமிடத்திலிருந்து பிள்ளை தூக்கியவருடையது. பெற்றவர்கள் வளர்ப்பதற்கு மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். சாவு தேடி வந்தால், இது வேறு வீட்டுப் பிள்ளை என்று திரும்பிப் போய்விடுமாம். பன்னிரண்டு வயது தாண்டியதும் ஒரு புதுச் சேலையோடு வந்து, தூக்கியவர் கையில் கொடுத்து, பிள்ளையை மீட்க வேண்டும்.

எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்தது தொண்ணூறாம் ஆண்டு. அந்த வருடம் மன்னாரிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்துக்கு எப்படிப் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சேலை கொண்டுபோகிற பயணம் அல்ல அது. பிறகு பாதை மூடியே கிடந்தது. சமாதான காலத்தில் கொஞ்ச நாள் திறந்தபோது அம்மா கேட்டார். அடுத்த லீவுக்குப் போகலாம் என்றேன். அடுத்த லீவு வருவதற்குள் சமாதானம் போய்விட்டது. அப்பாவும் வன்னியில் போய்விட்டார். யுத்தம் முடிந்த பிறகு அம்மாவால் பஸ் ஏற முடியவில்லை. போன மாசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "தூக்கினது ஆடு வளக்கிற ஒரு முஸ்லிம் வீட்டு ஆக்கள். அந்தச் சீலையைக் குடுத்திடு, மறந்திடாதை" என்றார். மூன்று நாளில் அவரும் போய்விட்டார்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. கலியாணமும் ஆகவில்லை, ஏன் என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். கொழும்பில் ஓர் அறை, ஓர் அலுமாரி, ஒரு மின்விசிறி. அம்மா சொன்ன அந்த ஒரு வேலையைக்கூட ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். அதைச் செய்துவிட்டால் பிறகு அம்மாவுக்காகச் செய்ய ஒன்றுமே இருக்காதே என்ற பயம்தான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

சேலை வெள்ளவத்தையில் வாங்கியது, 2,850 ரூபாய். முப்பத்தாறு வருடத்துக்கு முன் பிள்ளை தூக்கியவர் இன்று இருந்தால் எழுபதைத் தாண்டியிருப்பார் என்று நானே மனக்கணக்குப் போட்டு, சாம்பல் நிறத்தில் மெல்லிய கரை வைத்ததாக எடுத்தேன். கடைக்காரப் பெண் "அம்மாவுக்கா?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

காலை 5.30க்குப் புறக்கோட்டையில் புத்தளம் பஸ். கட்டணம் 210 ரூபாய். சிலாபம் வரை பக்கத்து இருக்கையில் ஒருவர் தூங்கி என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தார். அவர் இறங்கிய பிறகு அந்த இடத்தில் சேலைப் பையை வைத்தேன். பாலாவிச் சந்தியில் இறங்கியபோது 9.10. புத்தளம் நகரத்துக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை, கற்பிட்டி பஸ் பாலாவியாலேயே போகிறது. சந்தி முழுக்கச் சீமெந்து லொறிகள், அவை கிளப்புகிற புழுதி, அதற்குப் பின்னால் வெள்ளையாக உப்பளங்கள். நாலு கதிரை போட்ட மேசையில் நான் மட்டும் உட்கார்ந்து ஒரு பணிசும் தேத்தண்ணியும் எடுத்தேன், 60 ரூபாய். கற்பிட்டி பஸ் 9.35க்கு வந்தது.

பாலாவியிலிருந்து கண்டக்குழிச் சந்தி சுமார் 35 கிலோமீற்றர், 65 ரூபாய், ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. வழியில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, காற்றாலைகள், பீட்றூட் தோட்டங்கள், வீதியை மறித்துக்கொண்டு யோசிக்கிற கழுதைகள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆவணி பிறந்ததை இங்கே காற்றுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. யன்னலை மூடினால் வேர்க்கிறது, திறந்தால் வாய்க்குள் மணல்.

சந்தியிலிருந்து கடற்கரைக்கு 3 கிலோமீற்றர். ஆட்டோக்காரருக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவாக இருக்கும். என் பேச்சைக் கேட்டதுமே திரும்பிப் பார்த்தார்.

"மன்னாரா?"

"ஓம். டவுன் பக்கம்."

"நாங்க எருக்கலம்பிட்டி."

"எப்ப இங்கால வந்தது?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தொண்ணூறுல. வாப்பாட தோள்ல இருந்து வந்த நான்" என்றார். கோபம் எதுவும் இல்லை. என்னத்தைப் பேசுவது? அவர்களைத் துரத்தியது நான் இல்லை. ஆனால் துரத்தியவர்கள் பேசிய தமிழ்தான் நான் பேசுவதும். இறங்கும்போது 250 ரூபாய்தான் கேட்டார். பட்டம் பிடித்து அலையில் ஓட வருகிற வெள்ளைக்காரர்களிடம் ஐந்நூறு வாங்குகிற தூரம் அது.

இனி கோயில். ஐரோப்பாவில் நாட்டுப்புறத்து மத்தியகாலக் கோயில்களைத் தேடிப் போகிறவர்களின் வலைப்பூக்களை நானும் வாசிப்பேன். எந்த மன்னன் காலத்துத் தூண், எந்த நூற்றாண்டுக் கண்ணாடி என்று விரலை மடக்கிச் சொல்வார்கள். இங்கே அந்தக் கொடுப்பினை இல்லை. போர்த்துக்கேயர் கட்டினார்கள் என்கிறார்கள். ஒல்லாந்தர் இடித்தார்கள் என்கிறார்கள். பிறகு மீனவர்கள் எடுத்துக் கட்டினார்களாம். இருபது அடி அகலம், நாற்பது அடி நீளம் இருக்கும். அடிச்சுவர் கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும், கை வைத்தால் உதிர்கிறது. மேலே பாதி ஓடு, பாதி தகரம். தகரம் காற்றுக்கு விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சுற்றி உடைமரங்கள், அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்தவை.

கதவு பூட்டப்படவில்லை. உள்ளே பத்து வாங்குகள், ஒரு சிறிய மாதா சொரூபம், தரையில் எழுத்து அழிந்த ஒரு கல்லறைப் பலகை, ஆட்டுப் புழுக்கை. ஒரு மெழுகுதிரிகூட எரியவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பூசையாம். பீடத்துக்கு மூன்று படிகள். எந்தப் படியில் கிடத்தினார்கள் என்று தெரியாததால் மூன்றையும் தொட்டுப் பார்த்தேன். பிறகு முதல் வாங்கில் உட்கார்ந்தேன். அரை மணித்தியாலம் யாரும் வரவில்லை. கடல்பக்க வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு வயது ஆள், தலை நரைக்கத் தொடங்கியவன், யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்க்கிறேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

கடைசியில் நிலப்பக்க வாசலால் மூப்பர் வந்தார். மூப்பர் என்றால் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். சிலாபம் பக்கத்து மீனவர், தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்துக்குள் ஓடும். பதிவேடு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஞானஸ்நானத்துக்குத்தான் கொப்பி இரிக்கி, மஹத்தயா. இதுக்கு எங்க கொப்பி? இப்ப ஒருத்தரும் பிள்ளை போடுறதும் இல்ல. ஆஸ்பத்திரி இரிக்கிதானே."

"ஆடு வளர்க்கிற முஸ்லிம் வீடு?"

"ஆ, ஹரி ஹரி. அது ஸுபைதா தாத்தா வீடு. தென்னங்காணி தாண்டி நீல கேட்." ஹரி என்றால் சிங்களத்தில் சரி. இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். புதிதாகப் போகிறவர்கள் கிழவரைத் தேட வேண்டாம்.

மணலில் பத்து நிமிட நடை. நீல கேட்டுக்கு உள்ளே ஆறேழு ஆடுகள். விறாந்தையில் ஒரு பெண் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்குள்தான். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டு, "யாரு?" என்றார்.

"கோயில் மூப்பர் அனுப்பினவர். முப்பத்தாறு வருசத்துக்கு முன்னுக்கு அந்தக் கோயில்ல ஒரு பிள்ளையத் தூக்கினவவைத் தேடி வந்தனான். ஒங்கட உம்மாவோ தெரியாது."

"உம்மா மௌத்தாகி ஒம்பது வருசம்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஒன்பது வருடம் பிந்திவிட்டேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அம்மா என்னைத் திட்டுவது வழக்கம், அது எவ்வளவு சரி என்று விளங்கியது. கையிலிருந்த பையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

"ஆனா உம்மா இல்ல தூக்கின" என்றார் அந்தப் பெண், கத்தியைக் கீழே வைத்துவிட்டு. "நான்தான். எனக்கு அப்ப பதினொரு வயசு. ஆடு ஒண்டு கோயிலுக்குள்ள பாஞ்சிட்டு. அதப் புடிக்கப் போன எடத்துல படியில ஒரு பிள்ளை கெடக்கு. தூக்கிட்டு வெளிய வந்தன்." பிறகு, "நீங்க யாரு? அந்தப் பிள்ளைட தம்பியா?" என்று கேட்டார்.

"இல்ல, நான்..."

"பாவம், அந்தப் பிள்ளை மௌத்தாப் போயிட்டுதானே. பன்னெண்டு வருசத்துல வருவாங்கண்டு உம்மா சொல்லிட்டே இருந்தா. வரல்ல. மௌத்தானதாலதான் வரல்லண்டு நெனச்சம்."

"நான்தான் அந்தப் பிள்ளை."

அவர் என்னையே பார்த்தார். கை முழுக்க மீன் செதில். "உயிரோடயா இரிக்கிறா?" என்று கேட்டார். அதுவரை "நீங்க" என்று பேசியவர் அந்த இடத்தில் "நீ" என்று மாறினார். பிறகு எழுந்து உள்ளே போனார், வெகுநேரம் வரவில்லை. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கை கழுவியிருந்தார், முகமும் கழுவியிருந்தார். "ஒவ்வொரு நோன்புக்கும் மௌத்தானவங்களுக்குத் துஆ கேக்கிற நேரம் ஒன்னையும் சேத்துத்தான் கேட்ட. பேரும் தெரியாது. கோயில்ல எடுத்த பிள்ளையெண்டு கேட்ட" என்றார்.

இருபத்துநாலு வருடம் ஒரு வீட்டில் என்னை இறந்தவர்களோடு சேர்த்து நினைத்திருக்கிறார்கள். கொழும்பில் உயிரோடு இருந்த என்னை அந்த அளவுக்கு நினைத்த வேறு வீடு எதுவும் இல்லை.

மருமகளைக் கூப்பிட்டு எனக்குச் சோறு போடச் சொன்னார். விறாந்தையில் கதிரை போட்டு, சோறும் மீன் ஆணமும் பீட்றூட்டும். நான் சாப்பிட, அவர் அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். பிள்ளையோடு நிலப்பக்கம் வந்தபோது என் அப்பாதான் நின்று அழுதாராம், அம்மா அழவில்லையாம். இத்தனை வருடமும் நான் அதை மாற்றித்தான் கற்பனை செய்து வைத்திருந்தேன். அவருடைய வாப்பா ஓடிவந்து, கோயில் நேர்த்தியில் நமக்கென்ன வேலை என்று மகளை ஏசியிருக்கிறார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புள்ளை தவிச்சுப்போய்க் கெடக்கு, ஆட்டுப்பால் கொண்டுவாங்க" என்றாராம். அங்கேதான் நான் திரும்பப் பால் குடித்தேனாம். அம்மா சொன்ன கதையில் மாதா வந்தார், ஆட்டுப்பால் வரவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுச் சேலையைக் கொடுத்தேன். விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "இது எந்தக் கிழவிக்கு வாங்கின?"

"நீங்க வயசானவவா இருப்பீங்கண்டு நினைச்சன்."

"உம்மா சொல்லி அனுப்பினாவா? எங்க அவ?"

"போன மாசியில மோசம் போயிட்டா."

"வாப்பா?"

"அவரும் இல்ல."

"கூடப் பொறந்தவங்க?"

"இல்ல."

"பொஞ்சாதி?"

"இல்ல."

சேலையை முன்பு இருந்த மடிப்பிலேயே திரும்ப மடிக்கத் தொடங்கினார். "இப்ப இத ஏன் எனக்குத் தார?"

"மீட்கிறதுக்கு. அம்மா கடைசியாச் சொன்னது."

"மீட்டு யாருட்டக் குடுக்கப் போற?"

நான் ஆடுகளைப் பார்த்தேன்.

"எங்கட மார்க்கத்துல இந்த நேர்த்தியெல்லாம் இல்ல. எனக்கு அதுல நம்பிக்கையும் இல்ல" என்றார். "ஆனா பிள்ளையத் தூக்கினது நான். ஒங்கட உம்மா கொண்டு வந்திருந்தா சந்தோசமா வாங்கிட்டு அவட கையில ஒன்னக் குடுத்திருப்பன். இப்ப வாங்கினா ஒன்ன எங்க விடுற? வாங்க மாட்டன். கொண்டு போ." பையை என் மடியில் வைத்தார்.

முதலில் கோபம்தான் வந்தது. ஐந்து மணித்தியாலம் பயணம் செய்து வந்திருக்கிறேன், செத்துப்போன அம்மாவின் ஒரே ஆசை, இந்தப் பெண் வேண்டாம் என்கிறார். இரண்டு தரம் வற்புறுத்திப் பார்த்தேன். அவர் மீன் சட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். அந்தக் கதிரையில் தனியாக இருந்தபோது, ஏன் என்று தெரியாமல் அழுகை வந்தது. அம்மாவின் சாவுவீட்டில் வராத அழுகை. ஆடுகள் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றன.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். கோயில் பகலில் திறந்தே இருக்கிறது, கட்டணம் இல்லை. முருகைக்கல் சுவரில் சாய வேண்டாம், சட்டையும் பழுதாகும், சுவரும் பழுதாகும். காற்றுக்காலத்தில் கமராவைத் துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். தண்ணீர் போத்தல் கட்டாயம், கோயிலடியில் கடை இல்லை. ஆட்டோக்காரரின் இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், திரும்புவதற்கு அங்கே வாகனம் கிடைக்காது. எனக்குப் போக வர, சாப்பாடு தவிர, 1,050 ரூபாய் முடிந்தது. கட்டடத்துக்காக மட்டும் போகிறவர்களுக்கு அரை மணித்தியாலம் போதும். அதற்கு மேல் அங்கே இருந்தால் தனிமை தாங்காது, உண்மையைச் சொல்கிறேன்.

பிள்ளை கிடத்துகிற வழக்கம் இப்போது இல்லை. அதைப் பார்க்கலாம் என்று போக வேண்டாம். ஸுபைதா தாத்தாவின் வீட்டுக்கும் போய்ப் படம் பிடிக்க வேண்டாம். அது சுற்றுலாத் தலம் இல்லை.

பாலாவிக்கு நான் பிடித்த பஸ் சந்தியில் 4.15க்கு வந்தது. அதைத் தவறவிட்டால் கொழும்பு போய்ச் சேரப் பாதி இரவாகிவிடும். நான் தவறவிடவில்லை, ஏனென்றால் மூன்றரைக்கே ஆட்டோவைக் கூப்பிட்டு ஸுபைதா தாத்தாவும் மருமகளும் என்னோடு சந்திவரைக்கும் வந்துவிட்டார்கள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பஸ் தரிப்பிடத்தில் அரை மணித்தியாலம் ஒதுங்கி நின்றோம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வா என்றார் ஒரு தரம். மெலிந்திருக்கிறாய் என்றார் இரண்டு தரம். பஸ் வந்து நின்றதும் நான் ஏறுவதற்கு முன்பே அவர் படியில் ஒரு காலை வைத்து நடத்துநரிடம் சொன்னார்:

"தம்பி, எங்கட மகன். பாலாவில மறக்காம எறக்கி விடுங்க, கொழும்பு பஸ் புடிக்கணும்."

நடத்துநர் என் நரைத்த தலையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "மகனா?" என்றார்.

"ஓம்" என்றார் ஸுபைதா தாத்தா. "மூத்தவர்."